நர்சம்மா சொல்லாததும் நான் சொன்னதும்

இத எழுத வேண்டாம்னுதான் இருந்தேன். நாலாங்கிளாஸோட பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். எழுத்துக் கூட்டி ஒரு வரி எழுதுததுக்குள்ள வேர்த்துரும். ஒரு எடத்துல ஒக்காந்து ஒரு வேலையப் பாக்குத சுபாவமும் கெடையாது. இந்த நாலு வரி எழுதுததுக்குள்ள ரெண்டு தடவ எந்திரிச்சு வாசல் வரைக்கும் போய்ட்டு வந்துட்டேன்.

ஆனா போன வாரம் குழாயடியில ஒரு புதுப்பொண்ணப் பாத்தேன். நாலு மாசம் முழுகாம இருக்கா. பக்கத்து ரூம்காரி ஆசையா ஒரு பிடி முருங்கைக்கீர குடுக்கா, இவ கையால தள்ளிவிடுதா. "ஐய, வேண்டாம்க்கா. அதத் தின்னுதான அந்தக் கடைசி ரூம்காரிக்கு மொகமெல்லாம் ஊதிப்போச்சு"ங்கா.

அந்தக் கடைசி ரூம்காரி எங்க மதினி. பழி கீரை மேல விழுந்து கெடக்கு. அது விழ வேண்டியது என் வாய் மேல. அதனால எழுதுதேன்.

அப்ப ஜெர்மன்காரன் சண்டைக் காலம். தாராவியில தோல் ஷாப்புகளுக்குப் பின்னால எங்க சால். பத்து ரூம் வரிசையா இருக்கும், எல்லாத்துக்கும் ஒரே குழாய், பத்து ரூம்லயும் திருநெவேலிப் பக்கத்து ஆளுவதான். ஒரு ரூம்ல அண்ணன், மதினி, நான். அண்ணனுக்குத் தோல் ஷாப்புல, தோல ஊறப்போடுத சுண்ணாம்புக் குழியில வேலை. எனக்கு அதே ஷாப்புல தோல் வண்டி தள்ளுத வேலை. கூப்பிட்டா உண்டு, இல்லைன்னா ஊர் சுத்துவேன். சயான் டேசன், மாட்டுங்கா மார்க்கெட், வடாலான்னு கால் போன பக்கம் போவேன். அப்படிச் சுத்துனதுல ஒரு லாபம் உண்டு. இந்தி வந்துச்சு, மராட்டி வந்துச்சு. வராதது அடக்கம் ஒண்ணுதான்னு அண்ணன் சொல்லுவான்.

மதினிக்கு அப்ப அஞ்சு மாசம். மொதப் புள்ள ரெண்டு வருசத்துக்கு முன்ன இதே ரூம்ல பெறந்து மூணா நாளு போயிருச்சு. பெறக்கையிலயே பூனக்குட்டி கணக்காத்தான் இருந்தான். அதுக்குப் பொறவு மதினி ஆளே வெளுத்துப் போனாவ. நாலு குடம் தண்ணி தூக்குனா செவத்தப் பிடிச்சுக்கிட்டு நிப்பாவ. நகமெல்லாம் காகிதம் மாதிரி. இந்தத் தடவ புள்ளயும் தங்கணும், மதினியும் தங்கணும். வீட்டுல எங்க மூணு பேருக்கும் அது ஒண்ணுதான் கவல, ஆனா மூணு பேருமே வாயத் தொறக்க மாட்டோம். அண்ணன் வேலைக்குப் போகையில செருப்பு மாட்டுத சாக்குல வாசல்ல நின்னு மதினிய ஒரு பார்வ பாப்பான். அவ்வளவுதான்.

ரேஷன் வந்த புதுசு அது. அரிசி கொஞ்சம்தான். மிச்சத்துக்குக் கோதும, செவப்புச் சோளம். நம்ம வழக்கம் தெரியும்லா, ஆம்பளைய மொதல்ல, பொம்பளைய கடைசில. சோறு அண்ணனுக்கும் எனக்கும் போயிரும். மதினிக்குச் சட்டியச் சுரண்டுனதும் வடிச்ச கஞ்சியும். இது பத்தாதுன்னு மருத்துவச்சி பெரியம்மை வேற. எங்க சால்ல புள்ளப்பேறு எல்லாம் அவிய கையிலதான் நடக்கும். நல்ல மனுசி, தங்கமான கை. ஆனா அவிய சட்டம், "ஏட்டி, அள்ளித் தின்னாத. புள்ள பெருத்துட்டா வெளிய வர மாட்டான். அரை வயிறு போதும்." கீரை சூடு, எள்ளு ஆவாது, பப்பாளி பக்கமே போவக்கூடாது. அவிய சொல்லுதத எல்லாம் கேட்டா, திங்க மிச்சம் இருக்கது காத்துதான்.

இந்த நேரத்துலதான் புதங்கெழமையானா முனிசிபாலிட்டி நர்சம்மா வர ஆரம்பிச்சாவ. மராட்டிக்காரவிய. வெள்ளச் சீல, கருப்புக் கொட, கக்கத்துல ஒரு துணிச் சுருள். சுருள அவுத்துக் குழாயடிச் செவத்துல ஆணியில மாட்டுவாவ. கீரைக்கட்டு, ஈரல், முட்ட, நெலக்கடல, வெல்லம்னு படம் படமா இருக்கும். அவிய மராட்டியில சொல்லுவாவ, நம்ம பொம்பளைய படத்தப் பாத்துச் சிரிப்பாவ. "அந்த ஈரலப் பாத்தா எம் புருசன் மூஞ்சி மாதிரி இருக்கு"ன்னு ஒருத்தி சொல்லுவா. குடத்தத் தூக்கிட்டுப் போயிருவாவ.

ரெண்டாவது வாரம் நான் அங்ஙன நின்னு படத்துக்கு வெளக்கம் சொல்லிக் கிண்டல் பண்ணிட்டு இருந்தேன். நர்சம்மா என்னப் பாத்து, "உனக்கு மராட்டி வருமா? அப்ப நான் சொல்லுதத இவங்க பாஷையில சொல்லு"ன்னாவ. அன்னையிலேருந்து நான் துபாசி.

மொதல்ல ஒழுங்காத்தான் சொன்னேன். முருங்கைக்கீரைல ரத்தம் ஊறும், தெனம் ஒரு பிடி தின்னுங்க. எலுமிச்சம்பழம் ரெண்டு சொட்டு புழிஞ்சுக்கோங்க. நெலக்கடலையும் வெல்லமும் இடிச்சு உருண்ட பிடிச்சு வச்சுக்கோங்க, பசிச்சா வாயில போடுங்க. ஈரல் கெடச்சா விடாதீங்க. பெரியம்மை அதுக்கு மட்டும் தலையாட்டுனாவ. "ஈரல விட சுவரொட்டி நல்லது. அது எங்க அம்மை காலத்துலயே உண்டு"ன்னாவ. ஆட்டு மண்ணீரலத்தான் சுவரொட்டிம்பாவ. நான் அத மராட்டியில சொன்னேன், நர்சம்மாவும் "ரொம்பச் சரி"ன்னாவ. பெரியம்மைக்கு மொகத்துல ஒரு வெளிச்சம்.

ஆனா எவ்வளவு நேரம் கிளிப்புள்ள மாதிரி சொன்னதையே சொல்லுதது? எனக்குக் கால் அரிச்சுச்சு. நாக்கு அத விட அரிச்சுச்சு.

"கீரைய உருவி, அலசி, வெரசா வேக வைக்கணும்"னு நர்சம்மா சொன்னாவ.

நான் திரும்பி நின்னு, "கீரைய புருசன் கையாலதான் உருவணுமாம். பொம்பள கை பட்டா ரத்தம் ஊறுத சத்து ஓடிப் போயிருமாம்"னேன்.

தூக்குன குடமெல்லாம் கீழ எறங்குச்சு. பொறவு ஒரே கூச்சல்.

"நெசமாவால?"

"எங்க ஆளு கையா? சுண்ணாம்பும் தோலும் நாறுத கையா?"

"சுண்ணாம்புலதான் சத்தே இருக்குங்காவ"ன்னு ஒரு போடு போட்டேன்.

நர்சம்மா எல்லாரும் சிரிக்கதப் பாத்து, நல்லா வெளங்கிருச்சுன்னு சந்தோசப்பட்டாவ. "புள்ளத்தாச்சி வயிறு நெறயச் சாப்பிடணும்"னு அடுத்ததச் சொன்னாவ. எனக்கு மதினி சுரண்டுத சட்டிச் சத்தம் காதுல கேட்டுச்சு. வாய் தானா ஓடுச்சு.

"முனிசிபாலிட்டி உத்தரவு. புள்ளத்தாச்சிக்குத்தான் மொதப் பந்தி. அவ தின்னு எந்திரிச்ச பொறவுதான் ஆம்பள தட்டுல கை வைக்கணும். மீறுனா ரேஷன் கார்டுல புருசன் பேர அடிச்சிருவாவளாம்."

மதினி கடைசில குடத்து மேல ஒக்காந்து இருந்தாவ. முந்தானையால வாயப் பொத்திக்கிட்டு, "கொழுந்தப்புள்ள, நெசமாவா?"ன்னாவ.

"முனிசிபாலிட்டி மதினி. முனிசிபாலிட்டி பொய் சொல்லுமா?"

அந்த வாரத்துலேருந்து எங்க சாலப் பாக்கணுமே. புள்ளத்தாச்சி இருக்க ரூம் நாலு. சாய்ங்காலம் தோல் ஷாப்பு விட்டு வந்த ஆம்பளைய நாலு பேரு வாசல்ல வரிசையா ஒக்காந்து முருங்கை எல உருவுதாவ. கொப்பு ஒடிச்சுட்டு வாரது என் பொறுப்பு. மீன் பிடிக்குத கோளி ஆளுவ குடிசைக்குப் பின்னால ஒரு மரம் நின்னுச்சு. அவிய காயத்தான் திம்பாவ, எலைய சீந்த மாட்டாவ. மரத்துல ஏறி ஒடிச்சுப் போட்டுட்டு வந்து அண்ணன் எதிர்ல நிப்பேன். அண்ணன் வெரலெல்லாம் சுண்ணாம்பு தின்னு வெடிச்சிருக்கும். அந்த வெரல வச்சு ஒவ்வொரு எலையா கிள்ளுவான்.

"அண்ணே, கீரைய உருவுதியா, தோல உரிக்கியா?"

கையில இருந்த கொப்பாலயே ஒரு அடி விழும். ஆனா உருவுதத நிறுத்த மாட்டான். பொறவு மதினி சாப்பிடுவாவ. மொதல்ல ரெண்டு நாளு, "நீங்க பாத்துட்டு இருந்தா எறங்க மாட்டேங்குது"ன்னு வெக்கப்பட்டாவ. அண்ணனும் நானும் செவத்தப் பாத்துத் திரும்பி ஒக்காந்தோம். மூணா வாரம் மதினி ரெண்டாந்தடவ சோறு போட்டுக்கிட்டாவ. சட்டியில அகப்பை படுத சத்தம் கேட்டுச்சு. அண்ணன் செவத்தப் பாத்துச் சிரிச்சான். ரொம்ப நாளைக்கு அப்புறம் அவன் சிரிச்சு நான் பாத்தது அன்னைக்கித்தான்.

நெசமாவே மதினிக்குத் தெளிச்சி வந்துச்சு. ஒதட்டுல செவப்பு வந்துச்சு. தண்ணிக்குடம் தூக்கிட்டு மூச்சு வாங்காம நடந்தாவ. ஏழாம் மாசம் வளகாப்புப் போட்டோம். மாட்டுங்கா மார்க்கெட்டுல நான்தான் கண்ணாடி வளையல் வாங்கிட்டு வந்தேன். கை நெறயப் போட்டுக்கிட்டு மதினி நடந்தா, அவிய எந்த எடத்துல நிக்காவன்னு சத்தத்த வச்சே சொல்லிரலாம்.

எட்டாம் மாசம் பொறந்ததும் மொகம் உருண்டு வந்துச்சு. கன்னம் பூசுன மாதிரி. வளையல் கையில நவராம இறுகிப் போச்சு, சத்தமும் கொறஞ்சுச்சு. பொம்பளைய கன்னத்த வழிச்சுத் திருஷ்டி கழிச்சாவ.

"ஏட்டி, என்னமா பெருத்துட்ட! கீர வேலை செய்யுதுல்லா!"

"புருசன் கைக் கீரல்லா!"

நான் சட்டக் காலரத் தூக்கி விட்டுக்கிட்டு சால் முழுக்க நடந்தேன். எனக்கு எங்க தெரியும்? எங்க யாருக்குந்தான் தெரியும்? மெலிஞ்சு கெடந்த பொம்பள மொகம் உருண்டா அது கொண்டாட்டம்னுதான் எங்களுக்கெல்லாம் நெனப்பு. மதினி மட்டும், "செருப்பு பத்த மாட்டேங்குது, தலை வேற கனமா இருக்கு"ன்னாவ. பெரியம்மை, "வாய்வு"ன்னு சொல்லிச் சுக்குத் தண்ணி போட்டுக் குடுத்தாவ.

இதுக்கு நடுவுலதான் குட்டு ஒடஞ்சுச்சு. தோல் ஷாப்பு மேஸ்திரி மராட்டிக்காரர். மணி அடிச்சதும் நாலு ஆம்பளைய கீர உருவணும்னு ஓடுததப் பாத்து, என்ன சமாச்சாரம்னு கேட்டிருக்காரு. கேட்டவரு சும்மா இருக்காம, ரோட்டுல நர்சம்மாவ நிறுத்தி விசாரிச்சுட்டாரு. "நான் அப்படிச் சொல்லவே இல்லையே"ன்னு நர்சம்மா சொன்னாவளாம். மறுநாள் ஷாப்பு முழுக்கச் சிரிப்பு. "கீரக்கட்டு" "கீரக்கட்டு"ன்னே நாலு பேரையும் கூப்பிட ஆரம்பிச்சுட்டானுவ.

அண்ணன் வீட்டுக்கு வந்தான். அடிப்பான்னு நெனச்சேன். அடிக்கல. "ஏல, எம் பொண்டாட்டி வயித்துல இருக்க புள்ளய வச்சால வெளாண்ட?"ன்னு கேட்டான். அடிச்சிருந்தா எவ்வளவோ தேவலன்னு இருந்துச்சு.

அன்னையிலேருந்து மதினி மறுபடியும் கடைசில. கொப்பு ஒடிக்க நான் போவல. எந்தப் பொம்பளையும் குழாயடியில படத்துக்கு முன்னால ஒக்காரக் கூடாதுன்னு ஆம்பளைய சொல்லிட்டானுவ. "கீர, ஈரல் எல்லாமே அந்தக் கோட்டிப் பய கட்டுன கததான்"னு முடிஞ்சுபோச்சு. நான் சேத்தது ரெண்டே ரெண்டு. போனது மொத்தமும்.

அடுத்த புதங்கெழம நர்சம்மா வந்தாவ. சுருள மாட்டுனாவ. ஆளே இல்ல. குழாய்ல தண்ணி சொட்டுது, நான் மட்டும் நிக்கேன். ஓடிருவமான்னு இருந்துச்சு. ஓடல. என்ன பண்ணேன்னு மண்டையச் சொறிஞ்சுக்கிட்டே சொன்னேன். அவிய திட்டல. கொஞ்ச நேரம் கொடைய மடக்கி மடக்கி விரிச்சாவ.

"இன்னைக்கு நான் சொல்ல வந்தது எல்லாத்தையும் விட முக்கியம்"னாவ. சுருள்ல கடைசிப் படத்தக் காட்டுனாவ. ஒரு புள்ளத்தாச்சி, நெத்தியில கை வச்சு ஒக்காந்திருக்கா. கன்னம் உருண்டை. கண்ணு ரெண்டும் ரப்பைக்குள்ள புதஞ்சு கெடக்கு. "கால் மட்டும் சாய்ங்காலத்துல லேசா வீங்குனா பயம் இல்ல. மொகமும் கையும் ஊதுனா, தலவலி விடலைன்னா, கண்ணு முன்னால பூச்சி பறந்தா, ஒரு நாளு கூடப் பொறுக்கக் கூடாது. மொழங்காலுக்குக் கீழ எலும்பு மேல கட்ட வெரலால அமுக்கிப் பாரு. குழி விழுந்து அப்படியே நின்னா உடனே ஆஸ்பத்திரி."

அந்தப் படத்து மொகத்த நான் காலையில பாத்துட்டுத்தான் வந்தேன். அடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்துச்சு.

ஓடுனேன். மதினி ரூம்ல படுத்திருந்தாவ. நெத்தியில சுக்குப் பத்து. பக்கத்துல பெரியம்மை, இன்னும் ரெண்டு பொம்பளைய.

"கொழுந்தப்புள்ள, அந்தக் கொசுவ வெரட்டுங்களேன். கண்ணுகிட்டயே சுத்துது"ன்னாவ மதினி.

மத்தியானம். ரூம்ல ஒரு கொசு கெடையாது.

"பெரியம்மை, மதினி கால அமுக்கிப் பாருங்க. குழி விழுதான்னு பாருங்க. உடனே ஆஸ்பத்திரி போவணும்."

"யாரு சொன்னா?"

"நர்சம்மா."

"நர்சம்மா சொன்னாவளா, நீ சொல்லுதியா?"

ஒருத்தி சிரிச்சா. இன்னொருத்தி, "நேத்து கீர உருவச் சொன்னான், இன்னைக்குக் கால அமுக்கச் சொல்லுதான். நாளைக்கு என்ன சொல்லுவானோ"ன்னா.

"எந் தலைமேல சத்தியம்."

"அந்தத் தலைய யாரு கேட்டா? போல அங்குட்டு."

மதினி கண்ணத் தொறந்து என்னத் தேடுனாவ. நான் நேர் எதிர்லதான் நிக்கேன். "கொழுந்தப்புள்ள, நெசமாவா?"ன்னாவ. அன்னைக்குக் கேட்ட அதே கேள்வி. நெசம்னு சொல்லணும். சொன்னா அது அன்னைக்கிச் சொன்ன மாதிரியேதான இருக்கும்?

திரும்ப ஓடுனேன். நர்சம்மா தெரு முக்குல போயிட்டு இருந்தாவ. கையப் பிடிக்காத கொறையா இழுத்துட்டு வந்தேன். வந்தவிய மதினி மொகத்தப் பாத்ததும் கொடையக் கீழ போட்டுட்டு மராட்டியில மடமடன்னு பேசுனாவ. நான் வாயத் தொறந்தேன்.

"நீ மூடு"ன்னு மூணு பேரு ஒரே நேரத்துல.

நியாயந்தான். நான் என்னத்தச் சொன்னாலும் அது நர்சம்மா பேச்சா என் பேச்சான்னு அவியளுக்கு எப்படித் தெரியும்? நர்சம்மா என்னப் பாக்காவ, நான் நர்சம்மாவப் பாக்கேன். ஒரே ஒரு வழிதான் இருந்துச்சு. மூணாந்தடவையா ஓடுனேன், தோல் ஷாப்புக்கு.

அங்க என் கூட்டாளி தோல் எட போடுதவன். துலுக்கமாரு வீட்டுப் பய, எங்க ஊருக்குப் பக்கத்து ஊரு. ஒரு நாளைக்குப் பத்து வார்த்த பேசுனா அதிகம். கிண்டல் கெடையாது. பொய் சொல்ல வராது. ஒரு தடவ மொதலாளிகிட்ட எனக்காக ஒரு சின்னப் பொய் சொல்லப் போயி, ரெண்டு காதும் செவந்து மாட்டிக்கிட்டான். பத்து ரூம் பொம்பளையளும் அவன் சொன்னா அப்படியே எடுத்துக்கிடுவாவ. அவனுக்கும் மராட்டி தெரியும், பேசத்தான் மாட்டான்.

"ஏல, வா. நர்சம்மா சொல்லுதத அப்படியே சொல்லு. கூட்டாத, கொறைக்காத. மதினி கெடக்காவ."

அவன் ஏன் எதுக்குன்னு கேக்கல. தள்ளிக் கடைசிக் குழியில நின்ன அண்ணனுக்குத் தகவல் சொல்லி அனுப்பச் சொல்லி மேஸ்திரிகிட்டச் சொல்லிட்டு, ஈரக் கையோட வந்தான். வாசல்லயே நின்னு தலையக் குனிஞ்சுக்கிட்டு ஒவ்வொரு வரியாச் சொன்னான். "மொகம் வீங்குனது சதை இல்லையாம், நீராம்." நர்சம்மா ஒண்ணு சொல்லுவாவ, அவன் ஒண்ணு சொல்லுவான். "கண்ணுல பூச்சி பறக்கது கெட்ட அறிகுறியாம்." நான் அவன் முதுகுக்குப் பின்னால கையக் கட்டிக்கிட்டு நின்னேன். என் ஆயுசுல அவ்வளவு நேரம் வாயப் பொத்தி நின்னதில்ல.

அப்பதான் நர்சம்மா சொன்னாவ, "நேரமானா வலிப்பு வரும். வந்துட்டா ரெண்டு உசுருல ஒண்ணுதான் மிஞ்சும். சில பேருக்கு அதுவும் இல்ல."

கூட்டாளி நின்னான். பின்னால இருந்து அவன் காதப் பாத்துக்கிட்டே இருந்தேன். செவந்துச்சு.

"இப்பமே போனா ஒண்ணும் ஆவாதுங்காவ"ன்னான்.

என் தொண்ட வரைக்கும் வந்துச்சு. அது இல்லல, முழுசாச் சொல்லுலன்னு கத்தணும். கத்துனா அவன் சொன்னது அத்தனையும் சேந்து போயிரும். பல்லக் கடிச்சேன்.

பெரியம்மை மதினி காலடியில ஒக்காந்து, கட்ட வெரல எலும்பு மேல வச்சு அமுக்கி எடுத்தாவ. பெசஞ்ச மாவுல அமுக்குன மாதிரி குழி. காத்திருந்தோம். குழி அப்படியே நின்னுச்சு. அவிய வெரலயும் குழியயும் மாறி மாறிப் பாத்தாவ.

"ஏட்டி, அவளுக்கு வேற சீலையக் கட்டுங்க. இது என் கைக்கு மீறுனது"ன்னு எந்திரிச்சாவ.

வாகனம் வேற ஏது? தோல் வண்டிதான். சாக்க விரிச்சு, பொம்பளைய குடுத்த போர்வைய மேல போட்டு மதினியப் படுக்க வச்சோம். பெரியம்மை கூட ஏறிக்கிட்டாவ. கூட்டாளி முன்னால இழுக்கான், நான் பின்னால தள்ளுதேன், நர்சம்மா கொடைய மதினி மொகத்துக்குப் பிடிச்சுக்கிட்டு ஓட்டமும் நடையுமா வாராவ. சயான் தாண்டி மாட்டுங்கா பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போவணும். நூறு தடவ தோல் ஏத்திட்டுப் போன ரோடு. அன்னைக்கு அது நீண்டுக்கிட்டே போச்சு. வெரசாத் தள்ளுனா குலுங்குது, பையத் தள்ளுனா நேரம் போவுது. ரெண்டும் முடியல.

"கொழுந்தப்புள்ள, ஏதாவது பேசுங்க"ன்னாவ மதினி. "நீங்க பேசாம வாரீய, எனக்குப் பயமா இருக்கு."

ஒரு நாளைக்கு ஆயிரம் கிண்டல் வாரது. ஒண்ணே ஒண்ணு வரல.

"மதினி, தோல் நாத்தம் தாங்கலையா?"ன்னேன் கடைசில.

"உங்க அண்ணன் நாத்தந்தான, பழகிருச்சு"ன்னாவ, கண்ண மூடிக்கிட்டே.

அண்ணன் பாதி வழியில ஓடி வந்து சேந்தான். கால் முட்டு வரைக்கும் சுண்ணாம்பு. என்னத் தள்ளி விட்டுட்டு அவனே வண்டியத் தள்ளுனான்.

ஆஸ்பத்திரி காம்பவுண்டுல ரெண்டு நாளு. அண்ணன் ஒரே எடத்துல ஒக்காந்திருந்தான், நான் சுத்துனேன். கேட்டு, குழாய், வேப்பமரம், கேட்டு. காவக்காரன் என்னப் பாத்து, "தலை சுத்துது, எங்கயாவது நில்லு"ன்னான். ஒரு தடவ வலிப்பு வந்துச்சுன்னு வெளிய வந்து சொன்னாவ. அண்ணன் மண்ண ஒரு பிடி அள்ளுனான், அப்படியே வச்சுக்கிட்டு இருந்தான்.

ரெண்டா நாளு மத்தியானம் பொட்டப்புள்ள பெறந்துச்சு. நோஞ்சான்தான், ஆனா அழுத சத்தம் கேட்டுக்கு வெளிய கேட்டுச்சு. மதினி பொழச்சாவ. கண்ணு தெளிய நாலு நாளாச்சு. பேறுல ரத்தம் நெறயப் போச்சாம். "ஒடம்புல ரத்தம் இருந்துச்சு, தாங்குனா"ன்னு நர்சம்மா சொன்னாவ. அந்த வீக்கம் எதனால வருதுன்னு டாக்டருக்கே சரியாத் தெரியாதாம். கீரையால இல்ல, தின்னதால இல்ல. அத ரெண்டு தடவ கேட்டு வாங்குனேன். குழாயடிப் புதுப்பொண்ணு இத யாராவது வாசிக்கக் கேட்டா, இந்த எடத்தக் கொஞ்சம் காது குடுத்துக் கேக்கணும். கீரையத் தின்னு தாயி. மொகம் ஊதுனா ஆஸ்பத்திரிக்கு ஓடு. ரெண்டும் வேற வேற.

பெரியம்மை அதுக்குள்ள பிரசவ மருந்துக்குச் சுக்கு, மிளகு, திப்பிலி, பூண்டு, கருப்பட்டின்னு வெரல மடக்கிட்டு இருந்தாவ. தண்ணி மட்டும் அஞ்சு நாளைக்கு நாக்க நனைக்கத்தான்னாவ. நர்சம்மா, மருந்து குடுங்க, பூண்டு குடுங்க, தண்ணிய மட்டும் கொறைக்காதீங்க, பால் எப்படிச் சொரக்கும்னு கேட்டாவ. கூட்டாளி நடுவுல நின்னு ரெண்டு பக்கமும் சொன்னான். பெரியம்மை மடக்குன வெரல்ல ஒண்ண நிமுத்தி, "வெந்நியா இருந்தாச் சரி"ன்னு எறங்கி வந்தாவ. பொறவு கூட்டாளிகிட்ட, என்ன ஓரக்கண்ணால பாத்துக்கிட்டே, "அந்த மொதப் பந்தி சமாச்சாரம். அதாச்சும் நெசமான்னு கேளு"ன்னாவ.

கூட்டாளி கேட்டான். நர்சம்மா அண்ணன ஒரு பார்வ பாத்தாவ.

"நெசந்தான். நான்தான் சொன்னேன்னு சொல்லு."

அண்ணன் தலையக் குனிஞ்சுக்கிட்டான்.

புள்ள பெறந்த அன்னைக்குச் சாய்ங்காலம் கூட்டாளியும் நானும் ஆஸ்பத்திரிக்கு எதிர்ல டீக்கடையில நின்னோம். அவன் கிளாஸ ரெண்டு கையாலயும் பிடிச்சு ஊதிட்டு இருந்தான். எனக்குச் சும்மா இருக்க முடியல.

"ஏல, வலிப்பு வந்தா ஒரு உசுருதான் மிஞ்சும்னு நர்சம்மா சொன்னாவ. எனக்கும் மராட்டி தெரியும். நீ அத முழுங்கிட்ட. பொய்யே சொல்லத் தெரியாதவன்னு பேரு ஒனக்கு! நாளைக்குக் குழாயடியில எல்லார்ட்டயும் சொல்லத்தான் போறேன், பாரு."

அவன் ஒரு மடக்குக் குடிச்சுட்டு, "சொல்லுல, நீ சொன்னா எவ நம்புவா?"ன்னான்.